விளையாட்டும் கூலியும்

பயன் கருதாது ஆடுவது விளையாட்டு; பயன் கருதிச் செய்வது தொழில் என்று நாம் பயின்றோம். ஊதியம் வந்து சேர்ந்த பின்னும் விளையாட்டு விளையாட்டாகவே நிற்குமா? இவ்வினாவைக் கைப்பேசி நம் இல்லத்துக்கே கொண்டுவந்துவிட்டது.

சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து அரசு எழுத்தராய் அமர்ந்தவர் நாம். நம் மகன் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு, 'இ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் மின்விளையாட்டுக் குழு ஒன்றில் சேர இசைவு கேட்கிறான். 'ஆடிப் பிழைப்பதா?' என முதலில் சினந்தோம். பின்னரே அதன் வரலாற்றை நாடினோம்.

1972 அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியில் 'ஸ்பேஸ்வார்' போட்டி நடந்தது. பரிசு, ஓர் இதழின் ஓராண்டுச் சந்தா. 1980இல் அட்டாரி நிறுவனம் நடத்திய போட்டியில் பதினாயிரவர்க்கு மேல் பங்கேற்றனர். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக இருந்தது, 2023இல் ஹாங்சௌவில் பதக்கப் போட்டியாயிற்று. நடுவண் அரசு 2022 டிசம்பரில் இதனை விளையாட்டுத் துறையின்கீழ்ச் சேர்த்தது. 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தால் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து, மின்விளையாட்டை ஏற்றது.

இப்பகுப்பு நமக்குப் புதிதன்று. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். சூதினைக் கடியத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். சூது என்னும் பழி இவ்வாறு நீங்கிற்று. கூலி என்னும் ஐயமோ நீங்கவில்லை.

நம் தாயார் கொழுந்து பறித்தவர். அவர்தம் விரல்களின் விரைவு காண்போரை வியக்கவைக்கும். ஆயினும் மாலையில் தராசு காட்டும் எடையே அவ்விரைவின் விலை. கை சோர்ந்தாலும் நிறுத்த இயலாது, தோட்டமும் அவருடையதன்று. அதே விரைவை மகனின் விரல்களிலும் காண்கிறோம். பார்ப்போர் தொகையும் விளம்பர ஒப்பந்தமும் அவனுக்குத் தராசு. பந்தாட்டத்துக்கு உரிமையாளர் இல்லை; மின்விளையாட்டிலோ ஆட்டமே ஒரு நிறுவனத்தின் உடைமை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது, அதனையே நம்பியிருந்தோர் களம் இழந்தனர்.

ஆடி ஊதியம் பெறுவது இழுக்கன்று. நாதசுரக் கலைஞரும் ஊதியம் பெறுகின்றார். வேண்டாதபோது கீழே வைக்க இயலுமா என்பதே உரைகல். இயலின் அது விளையாட்டு. இயலாதாயின், பரிசு எத்துணைப் பெரிதாயினும் அது கூலியே.

ஆதலின் மகனிடம், "பட்டம் பெற்றபின் போய் ஆடு, திரும்பி வர ஒரு வழி வேண்டும்" என்றோம். அவன் முகம் வாடிற்று. அப்படியொரு வழி தன் பாட்டிக்கு இருந்ததில்லை என்பதை அவன் அறியான்.