பழம்படமும் பரிகாசமும்

பழைய படங்களைத் தேடிப் பார்ப்பதும், பார்த்ததைப் பிறருக்கு எடுத்துரைப்பதும் இந்நாளில் ஒரு நல்ல வழக்கமாகப் பரவி வருகின்றது. முற்காலத்திலே ஒரு படம் கொட்டகையை விட்டு நீங்கினால் நீங்கியதுதான். மீண்டும் அதைக் காணவேண்டுமாயின், எவரேனும் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினாலன்றி வேறு வழியில்லை. இன்றோ எழுபது எண்பது ஆண்டுகட்கு முந்திய படமும் உள்ளங்கையிலுள்ள கைப்பேசியில் வந்து நிற்கின்றது. ஆகவே தோட்டத்து இளைஞரும் நகரத்துக் குமாஸ்தாவும் ஓய்வு நாளில் ஒருங்கு கூடி, இந்த வாரம் தாம் கண்ட பழம்படம் இன்னது, அதன் சிறப்பு இன்னது என்று பேசி மகிழ்கின்றனர். சீட்டாட்டத்திலும் வீண் வம்பிலும் போகும் பொழுது இவ்வாறு போவது வரவேற்கத்தக்கதே.

இவ்வழக்கத்தில் ஒரு கிளை உண்டு. சிறந்த படத்தைத் தேடுவது போலவே கடைகெட்ட படத்தையும் தேடிப் பிடித்து, பலராகக் கூடியிருந்து, காட்சிக்குக் காட்சி கைகொட்டிச் சிரிப்பதை ஒரு விருந்தாகக் கொள்ளும் ரசிகர் மேனாட்டிலே பெருகியுள்ளனர்; நம்மவரிலும் தோன்றியுள்ளனர். இச்சிரிப்பு நியாயந்தானா? ஒருவன் உழைத்துத் தோற்ற தோல்வியை மற்றவர் இன்பமாக நுகரலாமா? சினிமாவுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் கேட்கக்கூடும். கொட்டகையில் பழகிய சிரிப்பு கொட்டகையோடு நின்றுவிடுவதில்லை ஆதலின், ஆராய்ச்சி தகும் என்பதே நம் அபிப்பிராயம்.

இவ்வகைப் படங்களுள் தலைமை பெற்றது, ‘பிளான் நைன் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்னும் அமெரிக்கப் படம். 1956-ல் படம் பிடிக்கப்பெற்று, பின்னர் பொதுவாக வெளிவந்தது. எழுதி இயக்கியவர் எட் வுட் என்பவர். மனிதர் அணுகுண்டுக்கும் மேலான ஆயுதங்களைச் செய்து அகில உலகையுமே அழித்துவிடுவர் என அஞ்சிய வேற்றுலகத்தார், நம் மயானத்துப் பிணங்களை எழுப்பி நம்மைத் தடுக்க முயல்வதாகக் கதை. கையில் பணமில்லை. பாப்டிஸ்ட் சபையினர் சிலர் முதல் போட்டனர். கல்லறைகள் நடிகர் கால் பட்டால் ஆடுகின்றன. விமானம் ஓட்டும் அறையில் ஒரு திரைச்சீலை தொங்குகின்றது. ஒரே காட்சியில் ஒரு கணம் பகலாகவும் மறுகணம் இரவாகவும் இருக்கின்றது. சிரிப்பு வாராதவர் எவர்?

ஆனால் எல்லாரும் உரக்கச் சிரிக்கும் ஓரிடம் உண்டு. அவ்விடத்தில் சற்று நிற்பது அவசியம். 1931-ல் ‘டிராகுலா’வாக நடித்து உலகப் புகழ் எய்திய பெலா லுகோசி, முதுமையில் மருந்துப் பழக்கத்துக்கு அடிமையாகி, படமுதலாளிகளால் கைவிடப்பட்டுக் கிடந்தார். 1955-ல் தாமே சென்று சிகிச்சைக்கு உட்பட்டார். அக்காலத்தில் அவருக்கு வேலை கொடுத்தவர் மிகச் சிலர். அவருள் ஒருவர் எட் வுட். 1956 ஆகஸ்டில் லுகோசி இறந்தார். அவரை வைத்துச் சில நிமிடங்களே பிடித்திருந்த காட்சிகளை எட் வுட் எறிந்துவிடாமல் இப்படத்தில் சேர்த்து, எஞ்சிய பகுதிக்கு வேறொருவரை நிறுத்தினார். அம்மனிதர் லுகோசியை விட உயரமானவர், முகச்சாயலும் இல்லை. ஆகவே போர்வையால் முகத்தை மறைத்துக்கொண்டே படம் முழுதும் நடமாடுகின்றார். மாண்ட நண்பரின் பெயர் விளம்பரத்தில் இருந்தால் சீட்டு விற்கும் என்ற எண்ணமும் எட் வுட்டுக்கு இருந்திருக்கும். அதை நாம் மறுக்கவில்லை. எனினும், அனைவரும் கைவிட்ட கிழவரைக் கடைசிவரை திரையில் வைத்திருக்க விழைந்த ஒருவரின் செய்கையும் அதுவேயாகும். கைகொட்டுவோரில் எத்தனை பேர் இதை அறிவர்?

எட் வுட் 1978 டிசம்பரில் தமது 54-ஆம் வயதில் மாண்டார். மாள்வதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், வாடகை தர வகையின்றி, குடியிருந்த வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டார். 1980-ல் மெட்வெட் சகோதரர்கள் வெளியிட்ட ஒரு நூல், அவர் படத்தைப் படங்களில் எல்லாம் இழிந்ததென்றும், அவரை இயக்குநர்களில் எல்லாம் இழிந்தவரென்றும் பட்டஞ் சூட்டியது. அதன் பின்னரே ஊர் ஊராகக் கூடிச் சிரிக்கலாயினர். செத்தவரை எப்பேச்சும் சுடாது, ஆதலின் தீங்கில்லை என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதித்தார். இறந்தவருக்குத் தீங்கில்லை என்றே வைத்துக்கொள்வோம். சிரிப்பவனுக்கு அச்சிரிப்பு என்ன செய்கிறது என்பது மற்றொரு கேள்வியன்றோ?

நகை பிறக்கும் நிலைக்களம் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றுள் மடன் என்பது, பொருளின் தன்மை அறியாது திரித்துக் கொள்ளுதல். போர்வை மறைத்தால் ஆள் மாறியது தெரியாது என்று நம்பினாரே எட் வுட், அது மடன். அது கண்டு நகைத்தல் இயல்பு. குழந்தை தன் கண்ணைப் பொத்திக்கொண்டு தன்னை எவரும் காணவில்லை என்று மகிழுங்கால் தாய் நகைக்கவில்லையா? ஆனால் எள்ளல் வேறு வகை. அதற்கு ஒருவன் மேலே நிற்கவேண்டும், மற்றவன் கீழே கிடக்கவேண்டும். ஒரே காட்சியைக் கண்டு ஒரே வரிசையில் அமர்ந்து சிரிப்பாருள் ஒருவர் சிரிப்பு மடன்பற்றியும், அடுத்தவர் சிரிப்பு எள்ளல்பற்றியும் எழலாம். ஓசையில் வேற்றுமை தெரியாது.

எதிர்வாதங்களையும் சொல்லிவிடுவது நேர்மை. சீட்டு விற்றவன் தீர்ப்புக்குத் தலைவணங்கவே வேண்டும் என்பது ஒன்று. இது சரியே, பணங்கொடுத்தவன் படம் கெட்டது என்று சொல்ல முழு உரிமை உடையவன். சிரிப்புத்தான் அப்படத்தைக் காத்தது என்பது மற்றொன்று. இது இன்னும் வலியது. தமிழின் முதற் பேசும்படமெனப்படும் ‘காளிதாஸ்’ 1931-ல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. அதை எள்ளிச் சிரிக்கவேனும் ஒரு கூட்டம் இருந்திருந்தால் ஒருவேளை ஒரு சுருளாவது தப்பியிருக்குமோ என்று நாம் எண்ணியதுண்டு. எட் வுட்டின் படமோ அழியவில்லை. அவரைப்பற்றி 1994-ல் டிம் பர்ட்டன் அன்போடு ஒரு படம் எடுத்தார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோவுக்கு ஆஸ்கார் பரிசும் கிட்டியது. பரிகாசம் வழிதிறக்க, பரிவு பின்னே நுழைந்தது.

எள்ளப்பட்டவரே உடன்பட்டுச் சிரிப்பதும் உண்டு. 2003-ல் வந்த ‘தி ரூம்’ என்னும் படத்தைக் காட்டுங்கால், அதில் ஒரு கரண்டிப் படம் தெரியுந்தோறும் ரசிகர் பிளாஸ்டிக் கரண்டிகளைத் திரைமேல் வீசுவர். அதை எடுத்து நடித்த டாமி வைசோ தாமே அக்காட்சிகளுக்கு வந்து கூட்டத்தோடு அளவளாவுகின்றார். தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுதலும் எள்ளலில் அடங்கும் என்று உரையாசிரியர் பேராசிரியர் கூறியிருப்பது இதற்கும் பொருந்தும். வைசோ விஷயத்தில் நமக்கு வழக்கில்லை.

நம் தோட்டங்களில் முன்பு திருவிழாக்காலத்தே நாடகம் நடக்கும். பகலெல்லாம் பால்மரம் சீவியவர் இரவில் அட்டைக் கிரீடம் தரித்து அரிச்சந்திரனாவார். மீசை பாதியில் விழும், வசனம் மறந்துபோகும், லயத்து மக்கள் விழுந்து விழுந்து சிரிப்பர். ஆயினும் சந்திரமதி புலம்புங்கால் அவர்களே அழுவர்; விடியுமட்டும் எழுந்து போகவும் மாட்டார். முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்த துரையும் கிராணிமாரும் அரைமணி நேரம் சிரித்துவிட்டுப் போய்விடுவர். கிராணிமார் வகுப்பைச் சேர்ந்த நாம் இதைச் சொல்லக் கூசவில்லை. அட்டைக் கிரீடம் வறுமையின் விளைவு. வறுமையைக் கண்டு சிரிப்பதற்கும், அக்கிரீடத்தைத் தரித்தவன் உண்மை அரசனைப் போல் முறுக்கி நடப்பதைக் கண்டு சிரிப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. ‘பிளான் நைன்’ படத்தின் ஆடும் கல்லறை முன்னதன் வகை. அதில் வேற்றுலகத்தான் பேசும் நீண்ட பிரசங்கம் பின்னதன் வகை. அங்கே தாராளமாகச் சிரிக்கலாம்.

இதுகாறும் கூறியது ஒருபுறம் இருக்க, நம்மை உறுத்துவது வேறொன்று. எட் வுட் 1953-ல் ‘கிளென் ஆர் கிளெண்டா’ என்று ஒரு படம் எடுத்தார். பெண்ணுடை தரிக்க விழையும் ஆடவர்க்காகவும், ஆணாய்ப் பிறந்து பெண்ணாக மாறுவோர்க்காகவும் பரிந்து பேசும் படம் அது. எட் வுட் தாமே அவ்விழைவு உடையவர். வேறு பெயரில் அதில் நடித்தவரும் அவரே. அக்காலத்து அமெரிக்காவில் அது வெளியே சொல்லத்தக்க செய்தியன்று. சொன்னவன் வேலையும் மானமும் இழப்பான். படம் ஒழுங்கற்றது, குழப்பமானது. ஆனால் அது கேட்பது ஒன்றே: இவர்களை ஏளனஞ் செய்யாதீர்கள் என்பது.

இனி நம் தமிழ்ப்படங்களைப் பார்ப்போம். ஒளியமைப்புச் சீரியது, பாட்டு இனியது, நடிப்பு உயர்ந்தது என்று நாம் ஒருவர்க்கொருவர் புகழ்ந்து பகிரும் பழம்படங்களில் ஹாஸ்யப் பகுதி என்று ஒன்று வருகின்றது. அதில் திக்கிப் பேசுபவன் சிரிப்புக்கு ஆளாகின்றான். கரிய நிறத்தவள் சிரிப்புக்கு ஆளாகின்றாள். வேலைக்காரன் அறை வாங்குவதே வேடிக்கையாகின்றது. பிற்காலப் படங்கள் பலவற்றில் திருநங்கையர் தோன்றுவதே கொட்டகை சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அங்கே கல்லறை ஆடுவதில்லை. எல்லாம் உறுதியாய் நிற்கின்றது. ஆகவே நாமும் அப்படத்தைக் கண்டு சிரிப்பதில்லை; அப்படத்தோடு சேர்ந்து, அது சுட்டிய ஆளைக் கண்டு சிரிக்கின்றோம். உலகத்திலேயே இழிந்த படம் எடுத்தவரெனப் பெயர் வாங்கியவர் 1953-ல் வேண்டாம் என்று கெஞ்சிய அதே சிரிப்பை, தேர்ந்த கைகள் எத்தனையோ ஆண்டுகள் நமக்கு ஊட்டி வந்தன. இழிந்த படம் என்ற பட்டத்தை யாருக்கு அளிப்பது என்பதை இனியொரு முறை யோசித்துப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

பழம்படங்களை மூடிவைக்க வேண்டும் என்பது நம் கட்சியன்று. நல்ல பாட்டுக்காகவோ நடிப்புக்காகவோ ஒரு படத்தைப் பிறர்க்குச் சொல்லுங்கால், அதில் யார் அடிபடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். கேட்பவர் தாமே பார்த்து முடிவு செய்வர்.

செத்தவரைப்பற்றி வாதித்த நண்பர் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், அடுத்த ஓய்வு நாளில் ‘கிளென் ஆர் கிளெண்டா’வையே போட்டுப் பார்ப்போம் என்று அவரே சொன்னார். இருவர் வர இயலாதென்று இப்போதே தெரிவித்துவிட்டனர், காரணம் கூறவில்லை. படத்தின் நடுவே, யாதொரு தொடர்புமின்றி, எருமைக் கூட்டம் ஒன்று திரை முழுதும் ஓடுகின்றது; அதன்மேல் லுகோசி ஏதோ கூவுகின்றார். அவ்விடத்தில் நாம் சிரிக்கத்தான் போகின்றோம்.