வலிக்காத கால்

சித்திரை மாத உச்சிவெயில். திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாளைச் சேவிக்க அப்பாவோடு போகிறீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் கால் வைத்ததும் ‘அய்யோ!’ என்று நிழலுக்கு ஓடுகிறீர்கள். அப்பா மட்டும் நிதானமாக நடந்து வருகிறார்.

பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை என்றால், கால் நரம்பு மரத்துப்போயிருக்கலாம்.

வலி இல்லாமல் இருப்பது வரம்தானே? இல்லை என்கிறது வேலூர் அனுபவம். 1946-ல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். முக்கியக் காரணம், சுட்டதும் வெட்டியதும் அவர்களுக்குத் தெரியாததுதான். வலி எதிரியல்ல, காவல்காரன். சர்க்கரைக்காரர் பாதத்திலும் இதே கதைதான்.

காவல்காரன் தூங்குகிறானா என்று பார்க்க மெஷின் வேண்டாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவாகி, 2011-ல் வெளியான எளிய சோதனை இருக்கிறது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. வலதா, இடதா என்று அவர் சொல்லட்டும். ஆறில் இரண்டு தெரியவில்லையா? உடனே டாக்டரிடம் போங்கள். ஆறும் தெரிந்தாலும் வருஷத்துக்கொருமுறை காலைக் காட்டத்தான் வேண்டும்.

‘வலிக்குது’ என்று கத்துகிறவருக்கு உதவ நாலு பேர் ஓடி வருவார்கள். வலிக்கவே இல்லை என்பவருக்கு யார் இருக்கிறார்கள்? கேட்காத உதவியும் கடமைதானே?

பெரியவர்கள் காலைத் தொட்டு ஆசி வாங்குகிறோம். அது நமக்காக. ஒருமுறை அவர்களுக்காகவும் தொட்டுப் பாருங்களேன்!