விளையாட்டு மேடையும் நீதியின் வேட்கையும்

தமக்கு ஒரு காசும் கிடைக்காத விளையாட்டொன்றை மக்கள் மூச்சடக்கிப் பார்த்திருப்பது எதனால்? தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் நாற்காலியில் அமர்ந்து வினாவுக்கு விடை தேடுகிறார். வென்றால் பரிசு அவருக்கு; தோற்றால் இழப்பும் அவருக்கே. எனினும் அடுப்படியில் இருக்கும் தாயும், வேலையினின்று திரும்பிய தந்தையும், பாடநூலை மூடி வைத்த பிள்ளையும் அந்த ஒரு விடைக்காகக் காத்து நிற்கின்றனர். இது வெறும் பணத்தாசை என்று ஒதுக்கிவிடுவோர் உளர். பார்ப்பவர்க்குப் பணமே வாராதபோது பணத்தாசை மட்டும் காரணமாகுமோ? சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

முதற்காரணம், பார்ப்பவரும் அங்கே பங்காளியாகிறார் என்பதாம். நாடகத்தில் பாத்திரத்தின் சொல்லை நாம் மாற்ற இயலாது. வினா விளையாட்டிலோ, நாற்காலியில் இருப்பவர் வாய் திறக்குமுன் நம் மனம் விடை கூறிவிடுகிறது. 1998-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றி, 2000-ஆம் ஆண்டு ‘கௌன் பனேகா குரோர்பதி’ என்னும் பெயரால் இந்தியாவுக்கு வந்த நிகழ்ச்சி இதனை நன்கு உணர்ந்திருந்தது. அரங்கில் கூடியிருப்போரிடமே விடை கேட்கும் வழியையும் வைத்தது. அவ்விளையாட்டின் அமெரிக்க வடிவத்தில் அரங்கத்தார் நூற்றுக்கு 91 முறை சரியான விடையைத் தேர்ந்தனர் என்றும், தொலைபேசியில் உதவ வந்த அறிவாளிகள் ஏறத்தாழ 65 முறையே சரியாகக் கூறினர் என்றும் ஜேம்ஸ் சுரோவீக்கி 2004-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். பெயரறியாக் கூட்டத்தாரின் அறிவும் மதிக்கத்தக்கதே என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. அம்மேடையில் விதி அனைவர்க்கும் ஒன்றே. வினாவானது விடை கூறுவோரின் குலத்தைக் கேட்பதில்லை. பிறந்த தெருவைக் கேட்பதில்லை. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில், மகளிருக்கென நடைபெற்ற ‘கோடீஸ்வரி’ என்னும் தமிழ் நிகழ்ச்சியில், செவிப்புலனும் பேச்சும் இல்லாத மதுரைப் பெண்மணி ஒருவர் இறுதி வினா வரை விடையளித்து ஒரு கோடி ரூபாய் வென்றார். கண்டோர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி அவர் பெற்ற தொகையைப் பற்றியது மட்டுமன்று. அலுவலகத்திலும் தெருவிலும் காணக் கிடைக்காத நடுநிலை ஒரு மணி நேரமேனும் கண்முன் நிகழ்ந்ததே என்னும் மகிழ்ச்சியும் அதில் கலந்திருந்தது. பிறப்பால் அளக்கப்பட்டுப் புண்பட்டவர்களுக்கு இதன் பொருளை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

இக்கருத்துக்கு மறுதலையாகவும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 1956-இல் தொடங்கிய ‘ட்வென்டி ஒன்’ என்னும் வினா நிகழ்ச்சியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்த சார்லஸ் வான் டோரன் 1,29,000 டாலர் வென்று நாடறிந்தவரானார். வினாவும் விடையும் தமக்கு முன்னரே அளிக்கப்பட்டன என்று 1959 நவம்பர் 2-ஆம் நாள் நாடாளுமன்றக் குழுவின்முன் அவரே ஒப்புக்கொண்டார். அத்தகைய சூழ்ச்சியைக் குற்றமாக்கி 1960-இல் சட்டமும் பிறந்தது. பார்த்திருந்தோர் ஒரு டாலரும் இழந்தாரல்லர். ஆயினும் தாம் வஞ்சிக்கப்பட்டதாகவே உணர்ந்தனர். விதி பொதுவென்று அவர்கள் வைத்த நம்பிக்கை களவு போயிற்றன்றோ!

ஆகவே விளையாட்டின் கவர்ச்சியில் நீதியின் வேட்கை மறைந்துள்ளது என்பது தெளிவு. ஆயின் இங்கேதான் நாம் விழிப்புற வேண்டும். மேடையின் விதி பொதுவாயினும், மேடைக்கு வரும் பாதை பொதுவன்று. நூலும் ஆசிரியரும் வாய்க்கப் பெற்ற பிள்ளையும், பள்ளியை இடையில் விட்டுக் கூலிக்குச் சென்ற பிள்ளையும் ஒரே வினாவை எதிர்கொள்வதாலேயே சமமாகிவிடுவரோ? ஒருவர் வென்றதைக் காட்டி, “அறிவிருந்தால் நீயும் வென்றிருப்பாய்” என்று மற்றவரைப் பழிக்கத் தொடங்கினால், அந்த நடுநிலை அநீதிக்குத் திரையாகிவிடும். ஒரு நாற்காலியில் கிடைத்த வாய்ப்பு, கோடி மக்களுக்குக் கிடைத்த உரிமையாகாது.

இவ்வேட்கையைப் பொருளாக்கிக் கொள்வாரும் உளர். கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் பங்குபெறும் இன்பமே தூண்டில். சிறு வெற்றியொன்று தோன்றும். அடுத்த வெற்றி எப்போது வரும் என்பது தெரியாது. அந்தத் தெரியாமையே விரலை மீண்டும் மீண்டும் அழுத்தச் செய்கிறது. ஆடுவோர் பலரும் இழந்தாலன்றி நடத்துவோர்க்கு ஆதாயம் இல்லை. இத்தகைய இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் புத்தர் பெருமான் அளித்த அறிவுரையிலும் சூதின் கேடுகள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. செல்வம் அழிவதோடு, சூதாடியின் சொல்லுக்கு அவையில் மதிப்பின்றிப் போவதையும் அங்கே அவர் ஒரு கேடாக எண்ணினார் என்பது நினைக்கத்தக்கது.

அங்ஙனமாயின் விளையாட்டை முற்றும் வெறுத்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை. ஆடி முடித்தபின் ஆடியவரிடமும் பார்த்தவரிடமும் எஞ்சுவது யாது என்று கேட்போமாக. புதிதாய் ஒன்று அறிந்த மகிழ்ச்சி எஞ்சுமாயின் அது நல்விளையாட்டு. கடனும் உறக்கமின்மையும் எஞ்சுமாயின் அது விளையாட்டன்று. நம் படிப்பகங்களில் மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டி வினாப் போட்டி நடத்தலாம். அங்கே தவறாக விடை கூறிய பிள்ளையை வெளியே அனுப்பாமல், சரியான விடையை அதற்கு விளக்கி, அடுத்த வினாவையும் அப்பிள்ளையிடமே கேட்க வேண்டும். பரிசு ஒரு பென்சிலாயினும் போதும். விதி பொதுவாய் இருப்பதோடு பாதையும் பொதுவாய் இருப்பது எங்ஙனம் என்பதை அப்பிள்ளைகள் அங்கே கற்றுக்கொள்வர்.