பாஸ்போர்ட்டும் வாக்குறுதியும்

 



நம் நீலகிரி மலையில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என எந்தப் பக்கம் போனாலும், பிள்ளையை அரபு நாட்டுக்கு அனுப்பிய வீடும் உண்டு. அனுப்பக் காத்திருக்கும் வீடும் உண்டு. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ நிய்யத்து வைத்துப் பணம் சேர்க்கும் பெரியவர்களும் உண்டு. பயணம் கூடிவந்துவிட்டது என்றதும் வீட்டில் முதலில் இறக்கப்படுவது பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டிதான். இந்த மலையின் ஈரத்துக்கு எந்தக் காகிதம்தான் தாங்கும்? பிறப்புச் சான்றிதழின் ஓரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும், பள்ளிக்கூடத்து டி.சி. மடிப்பில் கிழிந்திருக்கும், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஓட்டர் அட்டையில் இன்னொரு பெயர். அப்போதுதான் ஓட்டமும் நடையும் ஆரம்பமாகும். அந்த அவசரத்தில்தான் ஷைத்தானும் ஒரு யோசனை சொல்லுவான்.

"காகிதம் சேர்ப்பது துன்யாவின் காரியம், இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஹிஜ்ரத்தின் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அன்னாரைப் பிடித்துத் தருவோருக்கு 100 ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷிகள் அறிவித்தார்கள். பரிசுக்கு ஆசைப்பட்டுக் குதிரையேறி விரட்டி வந்தவர்களில் பனூ முத்லிஜ் கோத்திரத்தைச் சேர்ந்த சுராகா பின் மாலிக்கும் ஒருவர். அருகில் நெருங்கியதும் அவருடைய குதிரையின் முன்னங்கால்கள் பூமியில் புதைந்தன. இவர் அல்லாஹ்வின் பாதுகாப்பில் இருப்பவர் என்பது சுராகாவுக்கு விளங்கிவிட்டது. உடனே அவர் கேட்டது என்ன தெரியுமா? பொன்னல்ல, பொருளல்ல. "எனக்கு அபயம் அளித்து எழுதிக் கொடுங்கள்" என்றார். நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) அவர்கள் ஒரு தோல் துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். இதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம்.

உயிருக்கு ஆபத்தான அந்த நேரத்தில், பாலைவனத்தின் நடுவே, எழுதித் தரும்படி ஒருவர் கேட்கிறார், எழுதியும் கொடுக்கப்படுகிறது. சுராகா அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஏறத்தாழ 8 ஆண்டுகள் கழித்து, ஹுனைன் யுத்தம் முடிந்தபின், ஜிஃரானா என்னும் இடத்தில் அவர் நாயகம் (ஸல்) அவர்களை நாடி வந்தார். அன்ஸாரி வீரர்கள் அவரை யாரென்று அறியாமல் ஈட்டிகளால் தடுத்தார்கள். அவரோ அந்த எழுத்தை உயரத் தூக்கிப் பிடித்து, 'இது நீங்கள் எனக்கு எழுதிக் கொடுத்தது' என்று அறிவித்தார். அந்த எழுத்துக்கு மதிப்பளித்து, இது வாக்கை நிறைவேற்றும் நாள் என்ற கருத்தில் பேசி, அவரை அருகே அழைத்துக்கொண்டார்கள் நம் பெருமானார். சுராகா (ரலி) அவர்கள் அங்கே இஸ்லாத்தைத் தழுவினார்கள் என்று ஸீரா நூல்கள் கூறும்.

எழுதிக் கொடுத்தவர் வாக்கைக் காத்தார். அதே போல, எழுத்தைப் பெற்றுக்கொண்ட சுராகாவும் வெறுமனே இருந்துவிடவில்லை. திரும்பும் வழியில், தேடி வந்த மற்றவர்களை, "இந்தப் பக்கம் யாருமில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆக, அபயப் பத்திரம் என்பது இரண்டு பக்கமும் கட்டுப்படுத்துவது.

இன்று நாம் வாங்கும் விசாவும் ஏறத்தாழ இப்படிப்பட்ட ஓர் அபயப் பத்திரமே. ஒரு நாட்டின் அரசு, 'எங்கள் எல்லைக்குள் நீ வரலாம், இத்தனை நாள் தங்கலாம், இந்த வேலையைச் செய்யலாம், உன் உயிருக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு உண்டு' என்கிறது. 'உங்கள் நிபந்தனைக்கு உட்பட்டு வருகிறேன்' என்று நாம் கையெழுத்திடுகிறோம். அபயம் பெற்று வேறு நாட்டுக்குள் நுழைந்தவன், அங்குள்ளவர்களுக்கு மோசடி செய்வது ஹராம் என்று ஃபிக்ஹு நூல்களில் தனியாகவே பேசப்படுகிறது. அந்த நாட்டார் முஸ்லிம்களா, பிறரா என்று அங்கே வித்தியாசம் பார்க்கப்படவில்லை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயமே ஆரம்பமாகிறது என்பதை ஓதத் தெரிந்த ஒவ்வொருவரும் அறிவர்.

இந்த நோக்கோடு நம் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

முதலாவது, பெயர். நம் மக்கள் பெயர் எழுதும் விதம் ஒரு வேடிக்கை. ஒரே மனிதர் பள்ளிக்கூடத்தில் முகமது, ரேஷன் கார்டில் மொகமத், வங்கியில் முஹம்மத், பள்ளிவாசல் தஃப்தரில் முஹம்மது! தமிழில் காதுக்கு எல்லாம் ஒன்றே. ஆங்கில எழுத்தில் நான்கும் நான்கு ஆள். போதாததற்கு, இனிஷியலோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனை பேர் திகைத்துப் போனார்கள்! தகப்பனாரின் பெயர் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. பிள்ளைக்கு முழுப் பெயரைத் தீர்மானித்து, ஒரே எழுத்தமைப்பில் எல்லா இடத்திலும் பதியச் செய்வது பெற்றோரின் பொறுப்பு. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும் 7-ஆம் நாளே அதற்கும் ஏற்ற நாளாகும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்பார்கள் என்பதையும் தாய்மார்கள் மனத்தில் வைக்கவேண்டும்.

பெயரோடு சேர்ந்தது தகப்பனார் பெயர். அநாதைப் பிள்ளையையோ உறவினர் பிள்ளையையோ எடுத்து வளர்ப்பது பெரும் நன்மை. ஆனால் வளர்த்தவரைத் தகப்பனாராக எழுதிவிடுவது சில வீடுகளில் நடக்கிறது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்கும்படி அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் பணிக்கிறது. அறிந்துகொண்டே வேறொருவரைத் தந்தை என்று சொல்லிக்கொள்பவருக்கு ஹதீஸில் வந்துள்ள எச்சரிக்கை மிகக் கடுமையானது. பாசத்தைக் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது. பொய்ப் பதிவு அதில் சேராது.

அடுத்து, வயது. 17 வயதுப் பையனை 21 என்று காட்டி வேலைக்கு அனுப்புவது, வயதைக் குறைத்துப் போடுவது, படிக்காத வகுப்புக்குச் சான்றிதழ் வாங்குவது — இவற்றை 'சின்ன மாற்றம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் பெறுவதற்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை என்று வைத்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும். பெரும்பாவங்களை எடுத்துரைத்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் சாய்ந்திருந்தார்கள். பொய்ச்சாட்சியைப் பற்றிச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, இனி நிறுத்தமாட்டார்களா என்று ஸஹாபாக்கள் ஏங்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று அபூபக்ரா (ரலி) அறிவிக்கிறார்கள். இது விண்ணப்பம் போடுபவருக்கு மட்டுமல்ல, சான்று கொடுப்பவருக்கும் உரியது. ஜமாஅத் நிர்வாகிகளும் கவனிக்க வேண்டும். மனைவியை அழைத்துக்கொள்ள விசா வேண்டும் என்பதற்காக நிகாஹ் தேதியை முன்தேதியிட்டு எழுதித் தரும்படி கேட்டால், தாட்சண்யம் பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் அரசாங்கத்தில் பதிய வேண்டியிருக்கிறது. நிகாஹ் நடந்த வாரத்திலேயே அதைச் செய்துவிட்டால் இந்தச் சங்கடமே எழாது.

காகிதத்தின் அருமையை நம் மலைக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியக் குடிமக்களாக ஏற்கச் சொன்னது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள், இந்தியப் பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கண்டு, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அதுவே டான்டீ ஆயிற்று. கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து லைன் வீடுகளில் அந்தப் பழைய பாஸ்போர்ட்டை இன்றும் துணியில் சுற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தாங்கள் யார் என்பதற்கு அவர்களிடம் இருந்த அத்தாட்சி அதுதான். சாதிச் சான்றிதழுக்கும் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கும் அதையே நீட்ட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, ஏஜெண்ட் கேட்டான் என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ரசீதுகூட வாங்காமல் வருவதை என்னவென்பது! பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. நம் கையில் இருப்பது அமானத். அதை அடகு வைக்க நமக்கு உரிமை இல்லை.

பணமும் அப்படியே. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் பகராவின் 282-ஆம் வசனம்தான் திருமறையிலேயே மிக நீளமான வசனம். நகையை விற்றும், வட்டிக்கு வாங்கியும் (அல்லாஹ் காப்பாற்றுவானாக) லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். ஒரு வரி எழுத்து இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கே ரூ. 30,000-மும் அதன் வரியும் என்று வரம்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவூதி, குவைத், கத்தார், ஓமன், அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். அது தொல்லையல்ல, பாதுகாப்பு. சம்பளமும் வேலையும் எழுத்தில் பதிவாகின்றன. விபத்தில் உயிரிழந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் காப்பீடும் அதனுடன் வருகிறது. (காப்பீடு பற்றி மார்க்க ரீதியில் கேள்வி உள்ளவர்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.) "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று அனுப்பப்படுகிறவனுக்கோ இவற்றில் ஒன்றுமில்லை. சம்பளம் தராவிட்டால் முறையிட வாயில்லை. சுராகாவின் கையில் தோல் துண்டாவது இருந்தது!

வணக்கத்துக்காகப் போகிறவர்களும் இதில் தவறிவிடுகிறார்கள் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. வேறு விசாவில் போய், ஹஜ்ஜின் அனுமதிச் சீட்டில்லாமல் மினாவிலும் அரஃபாவிலும் நுழைந்துவிடலாம் என்று அழைத்துச் செல்வோர் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜில், கொளுத்திய வெயிலில் 1,301 பேர் இறந்தார்கள். அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. கூடாரமில்லை, குளிர்சாதன வசதியில்லை, ஏற பஸ் இல்லை; வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். அனுமதியின்றி ஹஜ் செய்வது பாவம் என்று சவூதியின் மூத்த உலமாக்கள் சபை அந்த ஆண்டு ஹஜ்ஜுக்கு முன்பே கூறியிருந்தது. சக்தி பெற்றவருக்கே ஹஜ் கடமை. அனுமதி கிடைக்காதவர் காத்திருந்தால் அவருடைய நிய்யத்துக்குக் கூலி உண்டு. யமன் நாட்டவர் சிலர், நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக் கட்டுச்சோறின்றி ஹஜ்ஜுக்கு வந்து மக்களிடம் கையேந்தியபோதுதான், பயணத்துக்கு வேண்டியதைச் சித்தப்படுத்திக்கொள்ளச் சொல்லும் இறைவசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறுகிறார்கள்.

புறப்படுகிறவர் வீட்டுக்கு விட்டுச்செல்ல வேண்டியதும் சில உண்டு. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் மனைவியிடமோ தாயாரிடமோ இருக்கட்டும்; ஈரம் புகாத உறையில் இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும், மனைவிக்கு மஹர் பாக்கி உண்டா என்பதை எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். எழுதிவைக்கப்பட்ட வஸிய்யத்தின்றி இரண்டு இரவுகளைக் கழிப்பதே சரியல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர் எழுதாமல் போகலாமா? விசா முடியும் தேதியை வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரிலும் குறித்து வையுங்கள். அங்கே வேலைக் களைப்பில் அவர் மறந்தாலும், இங்கே ஒவ்வொரு மாதமும் தாள் கிழிக்கும் கைக்கு அது தெரிந்திருக்கும். 3 மாதம் முன்னதாகவே கேட்டு ஒரு கடிதமோ போனோ போய்விடும்.