ஆசான் தருவது கால்பங்கு

குருவின்றிக் கல்வி உண்டா என்ற பழைய கேள்வி புதுச்சேரியில் இன்று கைப்பேசி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இயங்கிவரும் ஊர் இது. அதே ஊரில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பிரெஞ்சின் தொடக்கநிலைப் பாடத்தை முடித்துவிடலாம். குருவைத் தெய்வத்துக்கு அடுத்த படியில் வைத்த மரபில் வந்தவர்கள், திரை குருவாகுமா என்று கேட்பது இயல்பு. ஆனால் அந்த மரபே ஆசானிடமிருந்து எவ்வளவு எதிர்பார்த்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், ஆசிரியருக்கும் மாணவருக்கும் விரிவாக இலக்கணம் வகுக்கிறது. அந்த நூலே, ஆசான் சொன்னதைக் குறைவறக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குச் சேர்வது கால்பங்குதான் என்கிறது. உடன் கற்பவரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கைவரும்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், முதல் கால்பங்கை இணையப் பாடம் நன்றாகவே தருகிறது. தமிழ் எழுத்தில் அடங்காத பிரெஞ்சு மூக்கொலியை நூறு முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. குறை மற்ற முக்கால் பங்கில் இருக்கிறது. பெரியவரிடம் 'வூ' (நீங்கள்) என்று சொல்லவேண்டிய இடத்தில் 'த்யூ' (நீ) என்று சொல்லிவிட்டால் திரை தவறு என்று காட்டும். யார் மனமும் புண்படாது. மரியாதை என்பது எதிரில் இருப்பவருக்குச் செலுத்தவேண்டிய கடன். அவர் இல்லாதபோது அது வெறும் வினைத்திரிபாகச் சுருங்கிவிடுகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் 1942இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவும். பள்ளிப் பாடங்களின் உண்மையான பயன் கவனத்தைப் பழக்குவது. கவனமே பிரார்த்தனையின் சாரம் என்பது அவர் கருத்து. கணக்குக்கு விடை வராமல் போனாலும், அதில் செலுத்திய கவனம் வீண்போகாது என்கிறார். அத்தோடு நிற்கவில்லை. துன்பப்படும் மனிதனை முழுக் கவனத்தோடு பார்த்து, உனக்கு என்ன வேதனை என்று கேட்கும் திறனில் கொண்டுபோய் அதை முடிக்கிறார். கிறிஸ்துவை நெஞ்சில் கொண்ட அவரும் சமண முனிவரான பவணந்தியும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள்: கல்வி இன்னொருவரைச் சென்று சேரும்போதுதான் நிறைவடைகிறது. இணையப் பாடம் தரும் புள்ளிகளும் பதக்கங்களும், நாள் தவறாமல் வந்ததற்கான பாராட்டும் அந்தக் கவனத்தைக் கற்பவர் பக்கமே திருப்பிவிடுகின்றன. என் கவலை இதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. வகுப்பறை எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. ஏகலைவனின் கட்டைவிரல் நினைவிருக்கும் நாட்டில் குருவின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது. இரவுப்பணி முடித்து வருபவருக்கும், வீட்டைவிட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கும், கேலிக்கு அஞ்சி வாய் திறக்காதவருக்கும் திரை ஒரு கதவு. இதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் கதவு உள்ளே போவதற்குத்தான். புதுச்சேரியில் அதைத் தாண்டினால் மனிதர்கள் இருக்கிறார்கள். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரியை இந்தியாவோடு இணைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன. ஊரார் 'சொல்தா' என்றழைக்கும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர் ஒருவரிடம் தப்பும் தவறுமாக நாலு வாக்கியம் பேசினால், அவர் திருத்துவார். திருத்திவிட்டுத் தன் கதையையும் சொல்லக்கூடும். உரையாடும் செயலிகள் வந்துவிட்டனவே என்பார்கள். அவை பதில் சொல்லும். ஆனால் நாம் கேட்டுத் தீரவேண்டிய துயரம் எதுவும் அவற்றுக்கு இல்லை.

நான் வாசிக்க மட்டுமே கற்கிறேன், எனக்கு எதிராள் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956இல் வெளியிட்ட காரைக்கால் அம்மையார் பாடல்களின் பிரெஞ்சுப் பெயர்ப்பைத் தனியே உட்கார்ந்து படிப்பதும் பெரும்பேறுதான். ஆனால் அந்தப் புத்தகம் படிப்பவர் கைக்கு வருவதற்கே, இரு மொழியும் அறிந்த ஒருவர் தன் கல்வியை முகமறியாத வாசகருக்காகச் செலவிட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1942இல், ஞானு தியாகு திருக்குறளைப் பிரெஞ்சாக்கிப் புதுச்சேரியில் வெளியிட்டிருந்தார். நன்னூல் சொன்ன அரைப்பங்கு அந்த உழைப்பில் இருக்கிறது.