உள்ளக் கிடக்கையும் தெளிதலும்: விவிலிய ஞான நோக்கில் சாரதா சதன் விவாதம்

ஒருவர்தம் செயல் புலப்படுவது. அச்செயலைத் தூண்டிய நோக்கம் புலப்படாதது. புலப்படுவதைக் கொண்டு புலப்படாததைத் துணிவது எவ்வளவு தகும் என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனேயில் எழுந்த சாரதா சதன் விவாதத்தை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் மனிதரின் உள்ளெண்ணத்தை ஆழ்ந்த நீராகக் காண்கிறது. அதனை முகந்தெடுப்பது அறிவுடையார் செயல் என்கிறது. வழக்கில் முதலில் உரைப்பவர் கூற்று, மறுதரப்பு வந்து வினவும்வரை நேரியதாகவே தோன்றும் என்றும், ஒவ்வொருவருக்கும் தம் வழி தூயதாகவே படும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. எனவே பிறர் உள்ளத்தை ஆராய்பவர் தம் உள்ளத்தையும் ஆராய வேண்டியவராகிறார். திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கினாலும் ஒருவரைச் சோதித்துத் தெளியுமாறு கூறுகிறது. சாலமோன் அரசன் தீர்த்த வழக்கிலும் இத்தகைய சோதனையே அமைகிறது. தன் உரிமையை இழந்தேனும் குழந்தை வாழட்டும் என்றவளே தாயென அறியப்பட்டாள். எதனை இழக்க ஒருவர் உடன்படுகிறார் என்பதே அவர் நோக்கத்திற்குச் சான்றாகிறது.

1883இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்ற பண்டித ரமாபாய், 1889இல் பம்பாயில் சாரதா சதன் என்னும் கைம்பெண்கள் கல்வியகத்தைத் தொடங்கினார். 1890இல் அது புனேக்கு மாற்றப்பட்டது. மாணவியர் சமயத்தில் தலையிடுவதில்லை என்பது அதன் வாக்குறுதி. ரமாபாய் தம் அறைக் கதவைத் திறந்துவைத்து வழிபட்டார். விரும்பிய மாணவியர் உடனிருந்தனர். திறந்த அக்கதவை ஆதரவாளர் ஒளிவின்மை என்றனர். எதிர்ப்பாளர் அழைப்பு என்றனர். திலகரின் கேசரி இதழ் கடுமையாகச் சாடியது. 1893இல் ரானடே, பண்டார்கர் முதலிய ஆலோசகர்கள் விலகினர். மாணவியர் பலரை உறவினர் அழைத்துச் சென்றனர்.

பின்னிகழ்வுகள் இருதரப்பையும் எளிதில் விடுவிப்பதில்லை. சதனின் மாணவியர் பலர் பின்னர்த் திருமுழுக்குப் பெற்றனர். ரமாபாய் கேட்கானில் அமைத்த முக்தி இல்லம் வெளிப்படையான கிறித்தவ நிறுவனமாயிற்று. ஆதலின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. எனினும், அதே சதனில் பயின்ற கைம்பெண் கோதுபாய், 1893இலேயே தோ. கே. கார்வேயை மறுமணம் செய்து இந்துவாகவே வாழ்ந்தார். மதமாற்றமே ஒற்றை நோக்கம் எனின் இந்நிகழ்வுக்கு விளக்கமில்லை. கைம்பெண் உயர்வும் சமயப் பற்றும் ஓருள்ளத்தில் ஒருங்கே உறைந்தன எனக் கொள்வதே பொருந்தும். ஒன்று உண்மை, மற்றது வேடம் எனப் பிரிப்பது ஆழ்ந்த நீரை மேலோட்டமாக நோக்குவதாகும்.

இச்சோதனை எதிர்ப்பாளர்க்கும் உரியது. மாணவியரை மீட்டவர்கள், இழந்த கல்விக்கு ஈடாக அப்பெண்களுக்கு எதனை அளித்தனர் என்பதே அவர்கள்முன் நிற்கும் வினா. இவ்வினாவிற்குச் செயலால் விடையளித்தவர் கார்வே. 1896இல் அவர் கைம்பெண்களுக்கென ஓர் இல்லத்தை நிறுவினார். இருதரப்பும் உரிமை கோரிய இவ்வழக்கில், வாளின்கீழ் இருந்தது அப்பெண்களின் வாழ்வு.

நோக்கத்தை ஐயுறுவது குற்றமன்று. ஐயத்தையே தீர்ப்பாக்குவது குற்றமாகும். வாக்குறுதி காக்கப்பட்டதா, யாருடைய வாழ்வு உயர்ந்தது, யார் எதனை இழக்க முன்வந்தார் என்பன மனிதர் ஆராயத்தக்கவை. அவற்றிற்கு அப்பால் உள்ளத்தை நிறுப்பதை நீதிமொழிகள் இறைவனுக்கே உரியதாக்குகிறது. அவ்வரம்பை அறிதலும் ஞானத்தின் ஒரு கூறு எனலாம்.