கடைசியில் வந்தவர் யார்?

அரசு ஆட்குறைப்பு என்று வந்துவிட்டால் இரண்டு குரல்கள் கேட்கும். 'ஆண், பெண் பேதம் வேண்டாம், பணிமூப்பைப் பார், கடைசியில் சேர்ந்தவர் முதலில் போகட்டும்' என்பது சட்டத்தின் குரல். 'அவன் குடும்பஸ்தன், பொம்பளைக்குப் புருஷன் சம்பாத்தியம் இருக்கு' என்பது டீக்கடைக் குரல். இந்த இரண்டாம் குரலைத் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். இரண்டும் நியாயத்தின் பெயரால்தான் பேசுகின்றன. யாருடைய நியாயம் என்பதே என் கேள்வி.

டீக்கடைக் குரலை முதலில் முடித்துவிடலாம். புருஷன் சம்பாதிக்க, பெண்டாட்டி வீட்டுக்குள் இருக்கும் குடும்பம் எங்கள் சேரியில் என்றைக்கும் இருந்ததில்லை. கான்சாபுரம், கூமாபட்டிப் பக்கம் நாற்று நட்டதும் களை பறித்ததும் எங்கள் பெண்கள். "எந்தக் காலத்துல நாங்க உக்காந்து தின்னோம்?" என்று கேட்பார்கள். ஆதிக்க சாதி வீட்டுப் படத்தை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதைக் காட்டி எங்கள் பெண்ணின் வேலையைப் பறிப்பது மோசடி.

சட்டத்தின் குரலுக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் இந்தப் பணிமூப்பு விதி சேர்ந்தது. பிடிக்காதவனை முதலாளி நினைத்தபடி விரட்ட முடியாமல் அது தடுத்தது. அதை லேசாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவள் ஏன் கடைசியில் வந்தாள்? தமிழ்நாட்டில் அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு வந்ததே 1989-இல். 2001 நவம்பரில் புதிய பணி நியமனத்துக்குத் தடை போட்டார்கள். அது 2006 வரை நீடித்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய தலித் பெண் வாசலுக்கு வந்த நேரத்தில் கதவைச் சாத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக வெளியில் நிறுத்திவைத்துவிட்டு, 'நீ தாமதமா வந்தே' என்று கணக்குச் சொல்வது என்ன சமத்துவம்? சாதியைப் படிநிலைச் சமமின்மை என்றார் அம்பேத்கர். ஏற்றத்தாழ்வான படிகளில் நிற்பவர்கள் மேல் ஒரே விதியைப் போட்டால், கீழ்ப்படியில் இருப்பவள் மேல்தான் அது பாரமாக விழும்.

ஆணையும் பெண்ணையும் ஒன்றாக நீக்கினால் சரியாகிவிடுமா? மக்கள் நலப் பணியாளர்களைப் பாருங்கள். 1989-இல் வேலை கொடுத்தார்கள், 1991-இல் பறித்தார்கள். 1997-இல் கொடுத்து 2001-இல் பறித்தார்கள். 2006-இல் மறுபடி சேர்த்து, 2011 நவம்பரில் சுமார் 13,500 பேரை வெளியேற்றினார்கள். 2022-இல் மாதம் 7,500 ரூபாய்க்குத் திரும்ப அழைத்தார்கள். ஆண், பெண் என்று பார்க்காமல் எல்லாரையும்தான் நீக்கினார்கள். ஆனால் விழுந்த இடம் ஒன்றல்ல. ஆண் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ பஸ் ஏறுகிறான். கைப்பிள்ளையை வைத்திருப்பவள் எங்கே ஏறுவாள்? எங்கள் ஊர்ப் பக்கமென்றால் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் தறிக்குப் போகலாம், இல்லையென்றால் தோப்புக்காரனிடம் கூலிக்கு நிற்க வேண்டும். அரசு வேலை எங்களுக்குச் சம்பளம் மட்டுமல்ல. நிலக்காரன் முன்னால் குனியாமல் இருக்கிற ஏற்பாடும் அதுதான். அந்த வேலை போனால் தலித் பெண் சாதியின் பிடிக்குள் திரும்புகிறாள்.

இன்னொரு தந்திரம், வேலையை வேலை என்றே சொல்லாமல் இருப்பது. அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை 2025-இல் தனியாருக்குக் கொடுத்தபோதும் இதேதான். சுமார் 2,000 பேர், பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள் அதிகம். பல வருஷம் கூட்டியவர்களைச் சுயஉதவிக் குழு வழியாக வந்தவர்கள் என்றார்கள். ஊழியரே இல்லையென்றால் ஆட்குறைப்பு எங்கே இருக்கிறது? சுமார் 23,000 ரூபாய்ச் சம்பளம் 16,000, 17,000-க்கு இறங்கிவிடும் என்று ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவு போலீஸ் அவர்களைத் தூக்கியது. மறுநாள் அமைச்சரவை இலவசக் காலைச் சாப்பாடு தருவதாக அறிவித்தது. வேலையைக் கேட்டவர்களுக்குச் சோறு!

'அப்ப தலித் ஆணை அனுப்பிட்டுப் பொம்பளைய வச்சுக்கிறதா?' என்று தோழர்கள் கேட்கலாம். கடினமான கேள்விதான். ஒதுங்கிப் போக முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை நம் கையில் கொடுத்தவர்கள் யாரென்று பாருங்கள். வெட்டு எப்போதும் கூட்டுகிறவர்களிடமும் ஆயாக்களிடமும் தொடங்குகிறது. கையெழுத்துப் போடும் மேசைக்கு அது போவதில்லை. மிச்சமிருக்கும் ஒரு துடைப்பத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட வேண்டும் என்பது அவர்கள் எழுதிய நாடகம்.

ஆகவே நம் கோரிக்கையை இந்த வரிசையில் வைக்க வேண்டும். மதிப்பூதியம், குழு, ஒப்பந்தம் என்று எந்தப் பெயரில் செய்தாலும் அதை வேலையாகக் கணக்கில் எழுது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மேலிருந்து வெட்டு. அதற்குப் பிறகும் ஒருவர் போயே தீர வேண்டுமென்றால், எப்போது சேர்ந்தார் என்பதோடு, விழுந்தால் எங்கே விழுவார் என்பதையும் பார். அந்தக் கணக்கில் பல இடங்களில் பெண்ணின் வேலைதான் மிஞ்ச வேண்டும் என்று வரும். அதைச் சலுகை என்று முணுமுணுக்காமல் நியாயம் என்று மேடையில் சொல்ல நம் இயக்கத்து ஆண்கள் தயாரா?